கோபக்கார பிட்சர் 'ஓய்வு' என்றால் அதை எப்படி விவாதிப்பது: சம்ப்ரானோ கதையை வைத்து ஒரு வழிகாட்டி

2011 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை இரவு, அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டு. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கார்லோஸ் சம்ப்ரானோ 5 ஹோம்ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) கொடுத்தார், 8 ரன் விட்டார், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணி மட்டையாளர் சிப்பர் ஜோன்ஸின் உடம்பை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு பந்து போட்டார், அம்பயர் அவரை வெளியேற்றினார். நேராக உடை மாற்றும் அறைக்குப் போனவர் லாக்கரைக் காலி செய்தார், அங்கிருந்த ஊழியர்களிடம் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார், கிளம்பிவிட்டார். ஆட்டம் 10-4 என்று தோற்று மற்றவர்கள் உள்ளே வந்தபோது அவர் இடத்தில் ஒன்றும் இல்லை. அதே மாலையில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்புதான் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி தன் பழைய மேனேஜர் பாபி காக்ஸ் அணிந்த 6 ஆம் எண்ணுக்கு, இனி யாரும் அதை அணியாதபடி, விழா எடுத்து ஓய்வு கொடுத்திருந்தது. ஒரு ஓய்வு மேடை போட்டு, மரியாதையோடு நடந்தது. இன்னொன்று பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனது.

சம்ப்ரானோவுக்கு அப்போது வயது 30.

நான் கப்ஸ் ரசிகன். அன்று இரவு நண்பர்களோடு பேசும்போது "போகட்டும், தொல்லை விட்டது" என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ஒருவருடைய பிழைப்பைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமல் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது. அப்போதிலிருந்து இந்த மாதிரி சேதி வரும்போதெல்லாம் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பேசுவது என்று ஒரு முறை வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரிக்கெட் பார்த்துப் பழகி, பேஸ்பால் பக்கம் இப்போதுதான் வருகிறவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு நாள் பொறுங்கள்

ஓய்வு என்று ஒருவர் வாயால் சொல்வது வேறு, ஓய்வு பெறுவது வேறு. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஓய்வு என்பது ஒரு தாள். ஆட்டக்காரர் முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு 'தானாக ஓய்வு பெற்றோர் பட்டியல்' என்ற ஒன்றில் அவர் பெயர் சேரும், அன்றோடு சம்பளம் நின்றுவிடும். லாக்கரைக் காலி செய்வது அந்தத் தாள் ஆகாது. சட்டை மாட்டும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு தன்னிடம் துண்டு கொடுக்கும் பையனிடம் சொன்ன வார்த்தையும் ஆகாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரிடம் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், எழுதிக் கொடுத்தாரா? சம்ப்ரானோ விஷயத்தில் பதில் நேரடியானது. ஊழியர்களிடம் சொன்னார், 5 ஹோம்ரன் வாங்கிய அன்று இரவே சொன்னார், எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய ஏஜென்ட் அடுத்த நாளே அவர் ஓய்வு பெறவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் கப்ஸின் பொது மேலாளர் ஜிம் ஹென்ட்ரி, அவர் விருப்பத்தை மதித்து மேலே போவோம் என்ற பாணியில் பேசிவிட்டார். பிறகு அணி அவரை 30 நாளுக்குச் சம்பளமில்லாத தகுதி நீக்கப் பட்டியலில் போட்டது. ஆட்டக்காரர் சங்கம் அதை எதிர்த்து முறையீடு செய்தது.

இந்தப் பட்டியல்களின் பெயர் சலிப்பூட்டும், ஆனால் விவாதத்தின் பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஒருவரைத் தானாக ஓய்வு பெற்றவர் என்று போட்டால் அவர் முடிவெடுத்தார் என்று அர்த்தம். தகுதி நீக்கம் என்று போட்டால் அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று அணி சொல்கிறது. கட்டுப்பாட்டுப் பட்டியல் என்று இன்னொன்று உண்டு, வேறு காரணங்களுக்காக அணியை விட்டு விலகி நிற்பவருக்கானது. 2010 இல் இதே சம்ப்ரானோ அதிலும் இருந்திருக்கிறார், அதற்குப் பிறகு வருகிறேன். அணி எந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது என்று பார்த்தாலே, உள்ளே இருப்பவர்கள் இதை ஓய்வாக எடுத்துக்கொண்டார்களா, ஒழுங்கு மீறலாக எடுத்துக்கொண்டார்களா என்று தெரிந்துவிடும். கப்ஸ் மறுநாளே இதை ஒழுங்கு மீறலாக எடுத்துக்கொண்டது. ரசிகர்கள் மட்டும்தான் இன்னும் 'ஓய்வு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பணத்தைப் பேசக் கூச்சப்பட வேண்டாம்

பணத்தைப் பற்றிப் பேசினால் கேவலம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேஸ்பால் ஒப்பந்தம் பொதுவாக முழு உத்தரவாதம் உள்ளது, காயப்பட்டு உட்கார்ந்தாலும், மோசமாகப் போட்டாலும் பணம் வரும். தானாக ஓய்வு பெற்றால் வராது. அதனால் ஒருவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று தெரியாமல் 'அவர் நிஜமாகவே போய்விடுவாரா' என்று ஊகிப்பது வீண்.

சம்ப்ரானோ 2007 ஆகஸ்டில் 5 ஆண்டுக்கு 9 கோடியே 15 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2011 இல் அவர் சம்பளம் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம். 2012 க்கும் அதே அளவு பாக்கி. ஆகஸ்ட் நடுவில் நின்று கணக்குப் போட்டால், ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போடும் மனிதர் 2 கோடி டாலருக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். 30 நாள் தகுதி நீக்கத்துக்கே ஏறக்குறைய 30 லட்சம் டாலர் போகும். இதைத் தெரிந்துகொண்டு பேசியிருந்தால் அன்று இரவே நாங்கள் யாரும் 'கதை முடிந்தது' என்று சொல்லியிருக்க மாட்டோம்.

ஆனால் பணத்தைக் காட்டி 'யாராவது விடுவானா' என்று முடித்துவிடவும் கூடாது. விட்டவர்கள் இருக்கிறார்கள். அதே 2011 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி ராயல்ஸின் பிட்சர் கில் மெஷ் ஓய்வு பெற்றார். தோள்பட்டை போய்விட்டது, ஆனால் ஒப்பந்தப்படி அணியோடு ஒட்டிக்கொண்டு இருந்தாலே 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்திருக்கும். பந்து போட முடியாமல் அந்தப் பணத்தை வாங்க மனம் ஒப்பவில்லை என்று விட்டுவிட்டார். கப்ஸ் ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை கப்ஸ் ஆட்டக்காரர் ரைன் சாண்ட்பர்க். 1994 ஜூனில், பருவத்தின் நடுவில், ஒப்பந்தத்தில் பெரும் தொகை பாக்கி இருக்கும்போதே, தான் ஆடுவது தனக்கே பிடிக்கவில்லை என்று போய்விட்டார். 1996 இல் திரும்பி வந்து 25 ஹோம்ரன் அடித்தார்.

இந்த இரண்டு பேரும் யோசித்து, ஒருநாள் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் வந்து சொன்னார்கள். அதுதான் வேறுபாடு. நிதானமாகச் சொன்ன ஓய்வைக்கூட முழுசாக நம்ப முடியாது என்பதற்கு பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ் இருக்கிறார், 2003 இல் ஊர் ஊராக வழியனுப்பு வாங்கிவிட்டு 2004 இல் ஹூஸ்டனுக்கு ஆடி, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார். அப்படியிருக்க, கோபத்தில் சொன்னதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கை என்ன சொல்கிறது

இதுதான் எனக்கு மிக முக்கியமான இடம். இங்கேதான் ரசிகர்கள் அதிகம் தவறுகிறோம். ஒருவருடைய கோபத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், அவருடைய கையைப் பற்றிப் பேசுவதில்லை. பிட்சரின் வாழ்க்கை கையில் இருக்கிறது.

மூன்று எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் எத்தனை இன்னிங்ஸ் போட்டார், ஈஆர்ஏ எவ்வளவு (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் விழும் ரன், குறைந்தால் நல்லது, 3க்குப் பக்கத்தில் என்றால் சிறப்பு, 5 ஐ நெருங்கினால் கவலை), பந்தின் வேகம் எப்படிப் போகிறது. இந்த மூன்றையும் ஆண்டுவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் கோபம் மறைந்து ஒரு உடம்பு தெரியும்.

சம்ப்ரானோ 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் 200 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர். அது 22 வயதிலிருந்து 26 வயது வரை. 2004 இல் ஏறக்குறைய 210, 2005 இல் 223. அந்த நாட்களில் அவருடைய 'சிங்கர்', வேகமாக வந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும் பந்து, தேசிய லீகில் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) அடிக்கவே முடியாதவற்றில் ஒன்றாக இருந்தது. 2006 இல் அவர் கணக்கில் 16 வெற்றி, 210 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது). கூடவே 115 வாக் (நான்கு பந்து தவறிப்போய் மட்டையாளருக்கு இலவசமாக முதல் பேஸ் கொடுப்பது), அந்த லீகிலேயே அதிகம். அதாவது ஒவ்வொரு இன்னிங்ஸிலும் நிறைய பந்து செலவாகிக்கொண்டே இருந்தது. 2007 இல் 18 வெற்றி, மறுபடியும் நூற்றுக்கு மேல் வாக்.

அப்புறம் பாருங்கள். 2008 இல் ஏறக்குறைய 189 இன்னிங்ஸ். 2009 இல் 169. 2010 இல் 130க்குச் சற்றுக் குறைவு. 2011 இல் அந்த அட்லாண்டா இரவோடு 146 க்குச் சற்றுக் குறைவாக நின்றது, ஈஆர்ஏ 4.82. பழைய வேகம் இல்லை, பந்து மணிக்கு 90 மைலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வேகத்தில் சிங்கர் இறங்காமல் நின்றால் அது ஹோம்ரன்தான், அன்று ஐந்து ஹோம்ரன் போனது.

இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கு மனது கனக்கிறது. ஏனென்றால் அந்த இரவைப் பற்றி நான் இப்போது நினைப்பது, அது ஒரு முரடனின் இரவு மட்டுமல்ல, 30 வயதிலேயே தன் கை தன் பேச்சைக் கேட்காமல் போவதைக் கண்ணெதிரே பார்த்த ஒருவரின் இரவு. இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் எண்கள் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன, அதை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் பேசினால் பாதிக் கதையைத்தான் பேசுகிறோம்.

இதே 30 வயதில் ஓய்வு பெற்ற இன்னொரு பிட்சரை ஒப்பிட்டுப் பாருங்கள். சாண்டி கோஃபாக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 1966 நவம்பர். அந்த ஆண்டு 27 வெற்றி, ஈஆர்ஏ 1.73, 300 க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட், சை யங் விருது. இடது முழங்கையில் மூட்டுவாதம், வாழ்நாள் முழுக்கக் கை வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். உச்சியில் இருக்கும்போது கை வலித்து நிறுத்துவதும், சரிவில் இருக்கும்போது மனது வலித்து நிறுத்துவதும் வெவ்வேறு விவாதம். உங்கள் பிட்சர் இதில் எங்கே நிற்கிறார் என்று முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கோபத்தை எப்படிக் கணக்கெடுப்பது

'அவன் எப்பவுமே இப்படித்தான்' என்பது விவாதம் இல்லை. தேதியோடு சொல்லுங்கள்.

2007 ஜூன் 1, ரிக்லி ஃபீல்டு, தன் பிறந்தநாளன்று சொந்த அணியின் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) மைக்கேல் பேரட்டோடு டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) கைகலப்பு, உள்ளே போய் மறுபடியும். பேரட்டுக்கு உதட்டில் தையல். அதே மாதம் பேரட்டை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2009 மே, பிட்ஸ்பர்க்குக்கு எதிராக, ஹோம் பிளேட் (ரன் எடுக்கத் தொட வேண்டிய இடம்) தீர்ப்பு ஒன்றில் அம்பயரோடு மோதி வெளியேற்றப்பட்டு, பந்தை மைதானத்துக்குள் வீசி எறிந்து, டக்அவுட்டில் இருந்த பானம் ஊற்றும் இயந்திரத்தை மட்டையால் அடித்தார், 6 ஆட்டத் தடை. 2010 ஜூன் 25, சிகாகோவின் இன்னொரு அணியான வைட் சாக்ஸ் மைதானத்தில் முதல் இன்னிங்ஸிலேயே 4 ரன் கொடுத்துவிட்டு டக்அவுட்டில் சக ஆட்டக்காரர் டெரெக் லீயிடம் கத்தியது. 2011 ஜூன் 5, செயின்ட் லூயிஸில் எதிரணியின் ஆல்பர்ட் பூஹோல்ஸ் இரண்டாவது நாளாக ஆட்டத்தை முடிக்கும் ஹோம்ரன் அடித்த பிறகு, நம் அணி வெட்கக்கேடு, சின்ன லீக் அணி போல ஆடுகிறோம் என்று செய்தியாளர்களிடம் சொன்னது, சக பிட்சர் கார்லோஸ் மார்மோல் போட்ட ஒரு ஸ்லைடரையும் (பக்கவாட்டில் வளையும் பந்து) சேர்த்துக் குறை சொன்னது. அப்புறம் அட்லாண்டா.

நான்கு ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் பெரிய சம்பவம் ஐந்து. இந்தப் பட்டியலைப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும், 'எப்பவுமே' இல்லை என்றும் தெரியும். நடுவில் வேறு ஒன்றும் இருக்கிறது: 2008 செப்டம்பர் 14, ஹூஸ்டனைப் புயல் ஐக் தாக்கியதால் மில்வாக்கிக்கு மாற்றிய ஆட்டத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக நோ-ஹிட்டர், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை. கப்ஸுக்கு 1972 க்குப் பிறகு முதல் நோ-ஹிட்டர் அது. தோள்பட்டைத் தொல்லையால் உட்கார்ந்திருந்துவிட்டு வந்த முதல் ஆட்டம் வேறு.

இதைவிடவும் முக்கியம் 2010 இன் பின்பாதி. அந்த டக்அவுட் சம்பவத்துக்குப் பிறகு அணி அவரைத் தடை செய்து, கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்து, கோபத்தைக் கையாள ஆலோசனைக்கு அனுப்பியது. ஜூலை கடைசியில் திரும்பி வந்தார். போகும்போது 3 வெற்றி 6 தோல்வி. பருவம் முடியும்போது 11 வெற்றி 6 தோல்வி. அதாவது திரும்பி வந்த பிறகு 8 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கோபக்காரர்கள் மாறவே மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள். ஆலோசனை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால் 2011 ஐக் காட்டுங்கள். இரண்டும் உண்மை.

கோபத்திலும் தரம் பிரிக்க வேண்டும், இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பான இயந்திரத்தை அடிப்பது அணிக்கு ஒரு இயந்திரச் செலவு. சக ஆட்டக்காரரை அடிப்பது அதைவிட மோசம். எதிரே நிற்பவரின் உடம்பைக் குறிவைத்துப் பந்து போடுவது எல்லாவற்றையும் விட மோசம். 1920 ஆகஸ்டில் கிளீவ்லண்டின் மட்டையாளர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்துபோனார். ஹெல்மெட் இல்லாத காலம், பந்தை அவர் பார்க்கவே இல்லை என்பார்கள். அதற்குப் பிறகு நூறு ஆண்டாகியும் 90 மைல் பந்து 90 மைல் பந்துதான். அட்லாண்டாவில் நடந்ததில் என்னை இன்றும் உறுத்துவது லாக்கர் இல்லை, சிப்பர் ஜோன்ஸுக்குப் போட்ட அந்த இரண்டு பந்துகள். ரசிகர்கள் பேச்சில் இது ஓரமாகப் போய், லாக்கர் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்று. சம்ப்ரானோ வெனிசுவேலாவின் புயர்ட்டோ கபெல்லோவில் பிறந்தவர். 'அந்த ஊர்க்காரர்கள் ரத்தமே அப்படி' என்று ஒரு பேச்சு அவரைப் பற்றி எப்போதும் ஓடும். அதை எங்கே கேட்டாலும் நிறுத்துங்கள். 1985 உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸின் பிட்சர் ஜான் டியூடர் மின்விசிறியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டார். 2004 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸின் பிட்சர் கெவின் பிரவுன் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டார். இருவரும் அமெரிக்கர்கள், யாரும் அவர்கள் ஊரைக் கேட்கவில்லை. 

அதே போல நோய்ப் பெயர் சூட்டவும் வேண்டாம். டிவியில் பார்த்து யாருடைய மனநிலையையும் சொல்ல முடியாது. பிட்சர் ஸாக் கிரெய்ன்கி 2006 வசந்தப் பயிற்சியை (பருவத்துக்கு முந்தைய முகாம்) விட்டுப் போனபோது என்னென்னவோ பேசினார்கள். அவருக்கு இருந்தது சமூகப் பதற்றமும் மனச்சோர்வும், அதற்குச் சிகிச்சை எடுத்து வந்தார், 2009 இல் ஈஆர்ஏ 2.16 உடன் சை யங் வாங்கினார். காரணத்தை அவர்தான் சொன்னார், அவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த 24 பேர்

ஒரு அணியில் 25 பேர் (அப்போதைய கணக்கு). மேனேஜர் மைக் குவேடி அன்று இரவு சொன்னதன் சாரம் இதுதான்: உயிரைக் கொடுத்து ஆடும் 24 பேரை விட்டுவிட்டுப் போய்விட்டார். சம்ப்ரானோவுக்கு எதிரான வாதங்களில் எனக்குப் பதில் சொல்ல முடியாத வாதம் இது ஒன்றுதான்.

ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) ஒருவர் ஐந்தாவது இன்னிங்ஸில் போய்விட்டால் மிச்ச இன்னிங்ஸை யார் போடுவது? புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) இருப்பவர்கள், சம்பளம் அவரைவிட மிகக் குறைவானவர்கள். இரண்டு மாதம் முன்னால் 'நம் அணி வெட்கக்கேடு' என்று அவர் சொன்னபோது அந்த அறையில் இருந்தவர்களும் அவர்கள்தான். ஒரு நட்சத்திரத்துக்காகப் பரிந்து பேசும்போது (நான் பேசுகிறேன்) இந்த 24 பேரையும் ஒரு பக்கம் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். பேரட்டின் உதட்டில் போட்ட தையலையும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில், நான்கே ஸ்டார்ட்டுக்குப் பிறகு, 9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அவரை அணி புல்பென்னுக்கு அனுப்பியது, பிறகு மறுபடியும் ஸ்டார்ட்டர் ஆக்கியது. ஒருவரிடம் எதிர்பார்ப்பையும் வைத்து, அவருக்கு இடம் எது என்று தெளிவாகவும் சொல்லாமல் வைத்திருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது, ஆனால் விவாதத்தில் அணி நிர்வாகத்துக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

பேசும்போது என்ன செய்யலாம்

வாயைத் திறக்கும் முன் நீங்கள் எந்தக் கேள்வியைப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். 'அவர் ஓய்வு பெறுவாரா?' என்பது ஊகம். 'ஓய்வு பெற வேண்டுமா?' என்பது அபிப்பிராயம். 'அணி அவரைத் திரும்ப எடுக்க வேண்டுமா?' என்பது நிர்வாகம். 'அவர் நல்ல மனிதரா?' என்பது நமக்குத் தெரியவே வழியில்லாதது. நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி, ஒருவர் முதல் கேள்வியையும் மற்றவர் நான்காவது கேள்வியையும் பேசியதால் வந்தவை.

உங்கள் கணிப்பைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். 'திரும்ப வருவார், ஆனால் கப்ஸுக்கு இல்லை' என்பது போல ஒரே வரி. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். இது யார் ஜெயித்தார் என்பதற்காக இல்லை. எழுதி வைக்கிற பழக்கம் வந்தால், கோபத்தில் சொன்ன அவருடைய ஒரு வார்த்தையைப் பற்றி நாமும் கோபத்தில் ஒரு வார்த்தை விடுவது குறையும்.

எதிர்த்துப் பேசுபவர் அந்த பிட்சரின் மட்டையைப் பற்றிச் சொன்னால் தள்ளிவிடாதீர்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அப்போது தேசிய லீகில் பிட்சரும் மட்டை பிடிக்க வேண்டும், சம்ப்ரானோ தன் வாழ்நாளில் 24 ஹோம்ரன் அடித்தவர், பிட்சர்களில் சிறந்த மட்டையாளர் விருதான சில்வர் ஸ்லக்கரை மூன்று முறை வாங்கியவர். 'எப்படியும் முடிந்துபோனவர்' என்று பேசும்போது இந்தக் கணக்கும் சேரும்.

அரங்கத்தில் இருக்கிறீர்கள், அவர் திரும்பி வந்து முதல் முறை மேட்டில் ஏறுகிறார் என்றால், கூவுவதும் கைதட்டுவதும் உங்கள் விருப்பம். குடும்பத்தைச் சொல்லிக் கத்துவது மட்டும் வேண்டாம். பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர் குழந்தைகளும் எங்கேயோ உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் என்ன ஆனது

சம்ப்ரானோ வருத்தம் தெரிவித்தார், கப்ஸிலேயே இருக்க ஆசை என்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சட்டையில் ஒரு பந்துகூடப் போடவில்லை. ஒரு வாரத்துக்குள் ஹென்ட்ரியின் வேலையும் போனது, காரணம் இது இல்லை, அந்த முடிவு ஜூலையிலேயே எடுத்தாகிவிட்டிருந்தது. அணி 71 வெற்றி 91 தோல்வியோடு பருவத்தை முடித்தது. அக்டோபரில் கப்ஸின் நிர்வாகத்தை நடத்த தியோ எப்ஸ்டீன் வந்தார், 2012 ஜனவரியில் சம்ப்ரானோவை மயாமி மார்லின்ஸுக்கு அனுப்பி பிட்சர் கிறிஸ் வோல்ஸ்டாடை வாங்கினார்கள். அந்த ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதியை, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலரை, அவர் வேறு அணிக்கு ஆடுவதற்காக கப்ஸே கட்டியது. மயாமியில் மேனேஜர் ஓஸி கியென், அவரும் வெனிசுவேலாக்காரர், இவரை நன்றாகப் புரிந்துகொள்வார் என்று பலரும் நம்பினோம். 7 வெற்றி, 10 தோல்வி, நடுவில் புல்பென். 2013 இல் ஃபிலடெல்ஃபியா சின்ன லீக் ஒப்பந்தம் கொடுத்துச் சில வாரங்களில் விடுவித்தது. பிறகு சொந்த நாட்டில் மகயானெஸ் அணிக்குக் குளிர்கால லீக் ஆடினார். 2014 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 132 வெற்றி, 91 தோல்வி, ஈஆர்ஏ 3.66.

நான் எழுதி வைத்த வரி பாதி சரி. கப்ஸுக்கு வர மாட்டார் என்பது நடந்தது. சிகாகோவுக்கே வர மாட்டார் என்றும் சேர்த்து எழுதியிருந்தேன். 2019 இல், 38 வயதைத் தொடும் நேரத்தில், ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மான்ட்டில் ஆடும் சிகாகோ டாக்ஸ் என்ற சுயேச்சை லீக் அணியில் சேர்ந்து, புல்பென்னிலிருந்து வந்து பந்து போட்டார்.